ஐநூறு கோடி நல்ல கிருமி

பையை என் மடியில வைங்கம்மா, பரவால்ல. தூத்துக்குடிக்குத்தானே? நாங்களும் அங்கதான். நாங்கன்னா, அந்தா டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, கட்டம் போட்ட சட்டை, ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காக பாருங்க, அவுகளும் நானும். எங்க வீட்டுக்காரவுக. ஆவுடையப்பன்னு பேரு. சர்வேயர், நிலம் அளக்குறவுக. என் பேரு உலகம்மா. நேத்துச் சாயங்காலத்துல இருந்து நான் அவுககூடப் பேசல. அதனாலதான் அவுக அங்க, நான் இங்க. ஆனா பேசாம இருந்து எனக்குப் பழக்கமில்ல பாத்துக்கிடுங்க. ராமநாதபுரத்துல ஏறுனதுல இருந்து தாடை வலிக்கி. உங்ககிட்ட கொஞ்சம் பேசிக்கிடுதேன். கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

அவுகளுக்கு வயிறு சரியில்ல. இன்னைக்கு நேத்தைக்கு இல்ல, பதினாலு வருஷமா. திடீர்னு கலக்கும், உப்பும், வலிக்கும், உடனே போகணும். போயிட்டு வந்தா சரியாயிரும். மறுபடியும் கலக்கும். ஸ்கேன் எடுத்தாச்சு, குழாய் விட்டுப் பார்த்தாச்சு, புண்ணும் இல்ல, பூச்சியும் இல்ல. டாக்டர் சீட்டுல ஐ.பி.எஸ்.னு எழுதிக் குடுத்தாரு. பக்கத்து வீட்டு அம்மா அந்தச் சீட்டை எட்டிப் பார்த்துட்டு, “சார் பரீட்சை எழுதுனாகளா? எந்த ஊர்ல போஸ்டிங்?”னு கேட்டாக. இது போலீஸ் இல்ல தாயி, குடல்னு சொன்னேன். எரிச்சல்பட்ட குடலாம். ஆளு சாது, குடல் மட்டும் கோவக்காரன்.

அவுகளும் அதுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்தாக. அளக்கப் போற அன்னைக்குப் பால் தொடமாட்டாக. ரெண்டே ரெண்டு இட்லி. எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல வி.ஏ.ஓ.வைத் தேடமாட்டாக, கக்கூஸ் எங்க இருக்குன்னு பார்த்து வச்சுக்கிடுவாக, பொறவுதான் வி.ஏ.ஓ. பதினாலு வருஷம் அப்படியே ஓட்டிட்டாக. அதை நான் இல்லங்கல. ஆனா சமாளிக்கிறது ஒரு பொழப்பா? குணமாக வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

நான் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன். முப்பத்தியொரு வருஷம், ஒரே பள்ளிக்கூடம். தினம் நூத்தியெம்பது பிள்ளைக. எவன் சாம்பாருல கேரட்டை ஒதுக்குவான், எவ முட்டையில மஞ்சளை மட்டும் தட்டுக்கடியில ஒளிச்சு வைப்பா, எல்லாம் எனக்குத் தெரியும். போன வருஷம் ரிட்டயர் ஆனேன். அவுகளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு. நான் அவுகளைவிட ஒரு வயசு மூப்பு, அதை வெளிய சொல்றதில்ல, நீங்க யாரோ எவரோன்னுதான் சொல்லுதேன். பையன் பெங்களூர்ல இருக்கான். அவன் என்ன சாப்பிடுதான்னு கேட்டா ஆர்டர் போட்டேன்ங்கான். சரின்னு ரெண்டு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தேன். படுத்தே இருந்தேன்.

அப்பத்தான் போன்ல ஒரு அம்மா பேசுச்சு. வெள்ளைக் கோட்டு, கழுத்துல டாக்டர் குழாய், டாக்டரா இல்லையான்னு சொல்லல. நம்ம வயித்துக்குள்ள கோடானுகோடி கிருமி இருக்காம். நல்ல கிருமி, கெட்ட கிருமி. கெட்டது கூடிப் போனாத்தான் இந்தக் கலக்கல், உப்புசம் எல்லாம். நல்லதை உள்ள அனுப்பணும், அது போயி கெட்டதை விரட்டிரும். மாத்திரையாவே வருதாம், ப்ரோபயாடிக்னு. ஒரு மாத்திரையில எவ்வளவு தெரியுமா? ஐநூறு கோடி! இந்தியாவுல ஜனமே அவ்வளவு இல்லம்மா.

அன்னைக்கே எந்திரிச்சுக் குளிச்சு, தலை சீவி, நேரே மருந்துக் கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துட்டேன். காலையில ஒண்ணு. அவுக மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. “இப்பத்தான் எல்லாம் ஒரு மாதிரி போயிக்கிட்டு இருக்கு, இது எதுக்கு உலகம்மா?”ன்னாக. போடுங்க, நல்ல கிருமின்னேன். போட்டாக.

நாலாம் நாள் வயிறு மத்தளமாட்டம் ஆயிட்டு. ஒரே காத்து. பஜனை மடத்துல ஆர்மோனியத்துக்குத் துருத்தி அமுக்குவாகள்ல, அந்த மாதிரி. “இதைச் சாப்பிட்டதுல இருந்துதான்”னாக. நான் அந்த அம்மாவோட அடுத்த வீடியோவைப் பார்த்தேன். ஆரம்பத்துல கொஞ்சம் கூடத்தான் செய்யும், உள்ள சண்டை நடக்குது, அதுக்கு அடையாளம்னு சொல்லுது. சண்டை நடக்குதுன்னா நாம என்ன செய்யணும்? நம்ம பக்கம் ஆள் கூட்டணுமா இல்லையா? சாயங்காலமும் ஒண்ணு குடுத்தேன். ஆயிரம் கோடி.

ரெண்டு வாரத்துல அவுகளுக்குப் பேண்ட் பட்டன் போட முடியல. சண்டை பலமா நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அப்பத்தான் கடைக்காரர் இன்னொண்ணு சொன்னாரு, பொடியா பாக்கெட்டுல வருது, தண்ணியில கலக்கிக் குடிக்கணும், அதுல கிருமியும் இருக்கு, கிருமிக்குச் சாப்பாடும் இருக்குன்னு. சிக்கரிக் கிழங்குல இருந்து எடுத்த நார்ச்சத்தாம். எனக்கு ஒரே சந்தோசம். கிருமிக்கும் சத்துணவு போட்டு அனுப்புதான் பாருங்க! சும்மா பட்டினியா உள்ள அனுப்பினா அது எப்படிச் சண்டை போடும்? அதையும் வாங்கினேன். மாத்திரையை நிறுத்தல.

மூணாவதா கெஃபிர். அது ஒரு விதை, காலிஃபிளவரை உதுத்துப் போட்ட மாதிரி இருக்கும். பால்ல போட்டா ஒரே நாள்ல புளிச்சு நுரைச்சு நிக்கும். பழைய சிநேகிதி ஒருத்தி பார்சல்ல அனுப்புனா. பால் ஆகாத மனுசனுக்குப் பாலான்னு நினைக்கீக. பால்தான், ஆனா நல்ல கிருமி தின்ன பால். ஒருநாள் பாட்டில்ல ஊத்தி மூடியை இறுக்கிட்டேன். காலையில அடுப்படியில டமார்னு ஒரு சத்தம். மூடி பறந்து போயி காலண்டர்ல பட்டு, வியாழக்கிழமை கிழிஞ்சு தொங்குது. சுவரெல்லாம் நுரை. நான் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, “என்னா சக்தி!”ன்னேன். அவுக வாசல்ல நின்னு பார்த்துட்டு மெதுவாச் சொன்னாக, “உலகம்மா, இதேதான் என் வயித்துக்குள்ளயும் நடக்கு. எனக்கு மூடி இல்ல, அவ்வளவுதான்.”

அப்பவும் மீதியைக் குடிச்சாக. குடிக்கலன்னா நான் விடுவேனா?

இப்படி அஞ்சு மாசம். இங்கதான் கதை இருக்கு, கேளுங்க. கரிசக்குளம்னு ஒரு கிராமம். அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு, இசக்கிமுத்து, பேச்சிமுத்துன்னு. நடுவுல ஒரு வரப்பு, அது யாருக்குன்னு ஒன்பது வருஷமாத் தகராறு. இவுக போயி அளந்து கல்லு போடணும். ஊரே கூடி நிக்குது. போலீஸ் ரெண்டு பேரு. அன்னைக்குக் காலையில நான் பாக்கெட்டு ரெண்டு கலக்கிக் குடுத்தேன், பெரிய வேலை இருக்கே, தெம்பா இருக்கட்டும்னு.

இதெல்லாம் அவுக வாயால சொல்லல. கூடப் போன தலையாரி சொன்னாரு, வீட்டுக்கே வந்து, சிரிச்சுச் சிரிச்சு. டேப்போட ஒரு முனையைத் தலையாரி பிடிச்சிருக்காரு, மறுமுனை இவுக கையில. நாப்பது மீட்டர் வந்தாச்சு. இன்னும் ரெண்டு மீட்டர் போனா முடிவு தெரிஞ்சிரும். எல்லாரும் கழுத்தை நீட்டி டேப்பையே பார்க்காங்க. அப்பப் பார்த்து இவுக நின்னாக. முகம் வெளுத்துப் போச்சு. டேப்பைக் கீழ போட்டாக. போட்டுட்டு ஓடுனாக!

சும்மா ஓட்டம் இல்லம்மா, ஐம்பத்தொன்பது வயசு மனுசன், வரப்பைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி, வடலிக் காட்டைப் பார்த்து. சின்னச் சின்னப் பனை புதரா நிக்கும்ல, அதுக்குள்ள. இசக்கிமுத்து கத்துதான், “எல்லை என் பக்கம் வந்துட்டு, அதைச் சொல்லப் பயந்து ஓடுதாரு! எவனோ மிரட்டியிருக்கான்!” பேச்சிமுத்து, “மிரட்டுனது நீதாம்ல!”ங்கான். அவ்வளவுதான், ஊரே இவுக பின்னால ஓடுது. போலீஸும் ஓடுது. இவுக திரும்பிப் பார்த்துட்டு இன்னும் வேகமா ஓட, அவங்க இன்னும் வேகமா விரட்ட.

கடைசியில வடலியைச் சுத்தி ஒரு எம்பது பேரு வட்டமா நிக்காங்க. உள்ள இவுக. “வராதீங்க! யாரும் உள்ள வராதீங்க!”னு சத்தம் போடுதாக. இசக்கிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, “சார், நீங்க வெளிய வர வேண்டாம். கல்லு எங்க போடணும்னு அங்க இருந்தே ஒரு வார்த்தை சொல்லிருங்க”ங்கான். தலையாரிக்கு விசயம் புரிஞ்சு போச்சு. “எல்லாரும் திரும்பி நில்லுங்கய்யா, ஒரு குடம் தண்ணி கொண்டாங்க!”னு சத்தம் போட்டபொறவுதான் ஒவ்வொருத்தனா நழுவியிருக்கான்.

மறுநாள் ரெண்டு பேரும் மனு குடுத்துட்டாங்க. சர்வேயர் அந்தப் பக்கத்து ஆளுன்னு அண்ணனும், இந்தப் பக்கத்து ஆளுன்னு தம்பியும். ஒன்பது வருஷத்துல அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது அந்த ஒரு விசயத்துலதான். ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாக. முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல முதல் மெமோ. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கு. அவுக சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து மூணு தாள் எழுதிக் கிழிச்சாக. நாலாவதுல, “தவிர்க்க இயலாத இயற்கைக் காரணத்தால் அளவைப் பணி இடையில் நிறுத்தப்பட்டது”ன்னு எழுதிக் கொண்டு போனாக. தாசில்தார் ஒரு பொம்பளை, சின்ன வயசு. படிச்சுட்டு, “இயற்கைக் காரணம்னா? அன்னைக்கு மழை இல்லையே, சார்”னு கேட்டிருக்கு. அந்தப் பிள்ளைகிட்ட இவுக எப்படிச் சொல்லுவாக? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாகளாம். அதுவே புரிஞ்சுக்கிட்டு, “மெடிக்கல் லீவு போட்டு உடம்பைப் பாருங்க சார், பொறவு வந்து அளங்க, நான் மனுவைப் பார்த்துக்கிறேன்”னு சொல்லிட்டு.

நான் வீட்டுல அவுகளுக்காகப் புதுசா ஒரு பாட்டில் தயார் பண்ணி வச்சிருக்கேன். அவுக நேரே உள்ள போயி ரெண்டு சட்டையை மடிச்சுப் பையில வச்சு, “நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்”னாக. ராமநாதபுரத்துல இருக்காக பகவதி மைனி, அவுகளுக்கு மூத்தவுக. என்னையும் கூப்பிடல. போயிட்டாக.

மாத்திரையை மறந்து வச்சுட்டுப் போயிட்டாகளேன்னு மறுநாளே கூரியர்ல அனுப்புனேன். வந்துச்சான்னு போன்ல கேட்டேன், வந்துட்டுன்னாக. பத்து நாள் கழிச்சுப் பேசுனா குரலே வேற மாதிரி இருக்கு. கணீர்னு. அரண்மனை வரைக்கும் நடந்து போனேன்ங்காக. நேத்து பஸ்ஸுல ராமேஸ்வரம் போயிட்டு வந்தேன்ங்காக. பஸ்ஸுல! கக்கூஸ் இல்லாத பஸ்ஸுல! எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு. மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சுட்டுன்னு நினைச்சேன். அஞ்சு மாசம் பாடுபட்டவ நானு, பேரு மைனிக்கான்னு இருந்துச்சு.

முந்தாநேத்து சொல்லாமக் கொள்ளாமப் போயி இறங்கிட்டேன். அவுக சோறு தின்னுக்கிட்டு இருக்காக. வெறும் சோறு, ரசம், வாழைக்காய்ப் பொரியல். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிரிட்ஜ் மேல பார்த்தேன். நான் அனுப்புன கூரியர் கவர் அப்படியே இருக்கு, பிரிக்கல.

“என்ன மைனி குடுத்தீக இவுகளுக்கு? எதுல குணமாச்சு? எனக்கும் சொல்லுங்களேன்”னு கேட்டேன். மைனி கையைத் துடைச்சுக்கிட்டே, “நான் ஒண்ணும் குடுக்கல உலகு. நீ குடுத்ததை நான் குடுக்கல, அவ்வளவுதான்”னாக.

எனக்கு எப்படி இருக்கும்? ஐநூறு கோடி நல்லதைக் குடுத்தவ நானு! விடுவேனா? வாங்க டாக்டர்கிட்டன்னேன். நேத்து சாயங்காலம் மூணு பேரும் போனோம். ராமநாதபுரத்துலயே ஒரு வயித்து டாக்டர். மாத்திரை, பாக்கெட்டு, கெஃபிர் போட்டோ எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சு, “நல்ல கிருமி எப்படிக் கெட்டது பண்ணும், சொல்லுங்க”ன்னேன்.

அவரு நிதானமாச் சொன்னாரு. “நல்லதுன்னு பொதுவாச் சொல்றதுதான்மா. இந்த வயித்துக்காரங்கள்ல சிலருக்கு இது கேக்கும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது, சிலருக்குக் காத்தும் உப்புசமும் கூடிப் போகும். எந்த வகைக் கிருமி, எவ்வளவு, யாருக்கு, எல்லாம் வேற வேற. ஆரம்பத்துல கொஞ்சம் காத்து இருந்தா சில நாள்ல அடங்கணும். அடங்கலன்னா நிறுத்தணும். நீங்க நிறுத்தாம மேல மேல சேர்த்திருக்கீங்க. அந்தப் பாக்கெட்டுல இருக்கிற நார்ச்சத்து இவருக்கு ஆகவே ஆகாது. மூணையும் ஒண்ணாக் குடுத்தா எது பண்ணுச்சுன்னு என்னாலயே சொல்ல முடியாது.”

நான் விடல. எல்லாருக்கும் நல்லதுன்னு அந்த அம்மா சொல்லுச்சேன்னேன். அவரு கேட்டாரு, “நீங்க என்ன வேலை பார்த்தீங்க?” சொன்னேன். “நூத்தியெம்பது பிள்ளைகளுக்கும் முட்டை ஒத்துக்கிச்சா?”ன்னாரு.

மாடசாமின்னு ஒரு பிள்ளை இருந்தான். முட்டை தின்னா உதடெல்லாம் தடிச்சுப் போகும். அவனுக்கு மட்டும் நான் வாழைப்பழம் எடுத்து வைப்பேன், ஒருநாள் தவறுனதில்ல. அதைச் சொன்னேன். சொல்லிட்டு, மேசையில பரப்புனதை எல்லாம் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

அதோட எந்திரிச்சு வந்திருந்தா ஒண்ணுமில்ல. அந்த டாக்டர் சும்மா இருக்காம இவுக பக்கம் திரும்பி, “ஏன் சார், இதுலதான் கூடுதுன்னு உங்களுக்குத் தெரியலையா?”ன்னாரு. “நாலாம் நாளே தெரிஞ்சுட்டு”ன்னாக. “பின்ன ஏன் அஞ்சு மாசம் முழுங்குனீங்க?”

அதுக்கு அவுக சொன்ன பதிலுக்குத்தான் நான் பேசல. மைனி முன்னால சொல்லுதாக, “இவ ரிட்டயர் ஆன பொறவு ரெண்டு மாசம் சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கெடந்தா, டாக்டர். குளிக்கல, தலை சீவல, எனக்குப் பயமாயிட்டு. இந்த மாத்திரையைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் எந்திரிச்சா. நான் முழுங்குற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கிட்டு நிப்பா. முழுங்கினதும் அவ முகத்துல ஒண்ணு வரும் பாருங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்லுதது?”

கேட்டீகளா? நான் சுவரைப் பார்த்தேனாம்! கெடந்தேன்தான், முழங்கால் வலி. அதைப் போயி யாரோ ஒரு டாக்டர்கிட்ட, மைனி கேட்டுக்கிட்டு இருக்கும்போது. ஒத்துக்கிடலன்னா வாயைத் திறந்து, “ஏட்டி, எனக்கு இது வேண்டாம்”னு சொன்னா முடிஞ்சு போச்சு. சொல்லாம முழுங்கி, மெமோ வாங்கி, வடலிக்குள்ள ஊரு பார்க்க உட்கார்ந்து... எல்லாம் என் முகத்துல என்னமோ வருதுன்னு! மைனி வெளிய வந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சாக. என்ன துடைக்க இருக்கு இதுல? எங்க வீட்டுக்காரவுக சரியான அழுத்தக்காரவுக. மனசுல இருக்கிறதை வெளிய சொல்லமாட்டாக. முப்பத்தியாறு வருஷமா இதான். நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?

என்ன, நின்னுட்டு? சாயல்குடியா? பத்து நிமிஷம் நிக்கும்ங்காரு கண்டக்டர். அவுக இறங்குதாக. கலக்கிட்டோ? ...இல்ல, டீக்கடைக்குப் போறாக. ரெண்டு கிளாஸ் வாங்குதாக.

இங்கதான் வாராக. நீங்க கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கிடுங்க, ஜன்னல் வழியாக் குடுக்காக. பார்த்தீகளா, அவுகளுக்குப் பால் இல்லாத டீ, எனக்குப் பால் டீ, சீனி போட்டு. இந்தக் கடை டீ குடிச்சேன்னா எனக்கு நெஞ்செரிச்சல் நாள் பூரா நிக்கும், புளிச்சுப் புளிச்சு ஏப்பம் வரும். அவுக டீ வாங்கிக் குடுத்தே கெடையாதுல்லா, அவுகளுக்கு எங்க தெரியும்? உங்களுக்கு வேணுமாம்மா? சும்மா குடிங்க.

இல்ல, இருங்க, இருங்க. போகாம அங்கயே நிக்காக. என் வாயவே பார்த்துக்கிட்டு நிக்காக பாருங்க.

சூடா இருக்கு.

குடிச்சுட்டேன். என்னங்க? கேக்கல, லாரி சத்தம்... ஆமா. நல்லா இருக்குங்க. நல்லா இருக்கு!